பபேடானில் ஓர் அமெரிக்கா

எங்கள் தெரு டீக்கடையில் எனக்கு அமெரிக்கா என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு, பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பர்மியப் பெயர் இன்னொன்று உண்டு. இரண்டையும் இது விழுங்கிவிட்டது. "அமெரிக்காவுக்கு ஒரு டீ, பால் தூக்கலா!" என்று கல்லாவிலிருந்து குரல் போகும்போது, கடைக்குப் புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு வழுக்கைத் தலை, அதற்குக் கீழே ஒரு தொப்பை, அதற்கும் கீழே எப்போது அவிழுமோ என்று பயமுறுத்தும் ஒரு லுங்கி. ஏமாந்துபோய்த் தங்கள் மோஹிங்கா நூடுல்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நான் போயிருக்கும் தூரதேசம் த்வாண்டே. ஆற்றைத் தாண்டிப் போய்ப் பானை வாங்கி வந்த அந்தப் பயணத்தில் படகிலேயே எனக்கு வாந்தி. வாங்கிய பானை அதற்குத்தான் பயன்பட்டது. இந்த லட்சணத்தில் அமெரிக்காவைப் பற்றி எது கேட்டாலும் சொல்வேன். ஜனாதிபதி போட்ட உத்தரவை ஒரு சாதாரண ஜட்ஜ் நிறுத்த முடியுமா? முடியும். கவர்னரை மத்தியிலிருந்து தூக்கி எறிய முடியுமா? முடியாது. அங்கே பட்டாளத்துக்காரர் மந்திரியாக வேண்டுமென்றால் முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும், கழற்றி எத்தனையோ வருஷம் ஆறப்போட வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். ரங்கூனில் பட்டாளத்துக்காரர் சட்டையைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இந்தப் படிப்பெல்லாம் எனக்குக் குளிர்சாதனத்தின் மூலமாக வந்தது. என் வாலிபத்தில் அமெரிக்கர்கள் நடத்திய நூலகம் ஒன்று நகரில் இருந்தது. பங்குனி வெயிலில் அதற்குள் நுழைந்தால் முதுகு வேர்வை ஐஸாகிவிடும். நான் அறிவுக்காகப் போனேன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். எதிர் நடைபாதையில், வெற்றிலைக் கடை ஓரமாக ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்காக என்று ஊருக்கே தெரியும். மற்றப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள். நான் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு போவேன். வாழ்க்கையில் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

உள்ளே கனமான படப் புத்தகம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று படம் படமாக விளக்கும். அதில் ஒரு படத்தை நான் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். சிறிய ஊர் ஒன்றின் கூட்டம். தொள தொள கால்சட்டை போட்ட பருமனான ஒருவர் எழுந்து நின்று மேயரை நோக்கி விரலை நீட்டித் திட்டுகிறார். மேயர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறார். அவர் முகத்தில் கோபம் இல்லை, தூக்கம் இருந்தது. எனக்கு அதுதான் அதிசயம். திட்டு வாங்கிக்கொண்டே கண்ணயர முடிகிற ஓர் அரசாங்கம்! எங்கள் ஊரில் அதிகாரியின் முன் விரல் நீட்டினால் அப்புறம் விரலைத் தேட வேண்டும்.

அதே அலமாரியில் வேறு படங்களும் இருந்தன. ஊர்வலம் போகும் கறுப்பர்கள் மேல் நாயை ஏவும் போலீஸ். குடிக்கிற தண்ணீருக்குக் கூட இரண்டு குழாய். இவற்றையும் அவர்களே அச்சடித்து, வழவழப்பான காகிதத்தில் கப்பலில் ஏற்றி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். தன் வீட்டு அசிங்கத்தைத் தானே படம் எடுத்து அடுத்தவனுக்குக் காட்டுகிறவன் சீக்கிரம் திருந்திவிடுவான் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே என் முடி கொட்டியது.

இப்போது எனக்கு ரங்கூனின் கடைத்தெருப் பேட்டையான பபேடானில் ஒரு கடை. குடை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், மின்சாரம் போனால் இரண்டையும் காப்பாற்ற ஒரு பேட்டரி. பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், போலீஸ் நற்சான்று எல்லாவற்றையும் பர்மியத்திலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுப்பேன். உபதொழில், அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பழக்குவது. பின்சுவரில் பிளைவுட் பலகையில் ஒரு சதுர ஓட்டை போட்டு, உடைந்த ஷோகேஸிலிருந்து எடுத்த கண்ணாடியை மாட்டியிருக்கிறேன். அதற்குப் பின்னால், பனியனுக்கு மேல் ஒரு டை கட்டிக்கொண்டு உட்காருவேன். நான்தான் அமெரிக்க ஆபீசர். "ஒய் வில் யூ கம் பேக்?" என்று நான் உறுமினால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாட்டின் வாசலில் உள்ள விந்தை அதுதான். உள்ளே போக வேண்டுமென்றால், திரும்பி வந்துவிடுவேன் என்று நம்ப வைக்க வேண்டும். அதை நம்ப வைக்கும் வித்தையில்தான் எங்கள் வீட்டு அரிசி வெந்தது.

ஒரு நாடு மாறுவதை அதன் விசா ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நான் பழக்கி அனுப்பியவர்கள் திரும்பி வந்து என்ன கேட்டார்கள் என்று ஒப்பிப்பார்கள். ஆரம்பத்தில், "உன் அம்மா சமைப்பதில் உனக்கு எது பிடிக்கும்?" என்றெல்லாம் கேட்டார்களாம். ஒரு பையன் நண்டுக் குழம்பின் செய்முறையைச் சொல்லியே விசா வாங்கி வந்தான். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு ஜன்னல் பேச்சைக் குறைத்தது. பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்கு இருந்த அதே மார்க்கும் அதே வங்கிக் கணக்கும் இருந்தும், பதில் மட்டும் மாசக்கணக்கில் வராது. "சயா, பேருதான் பிரச்சினையா?" என்று கேட்பார்கள். இங்கே ஆசிரியரையும் எழுத்து வேலைக்காரரையும் சயா என்பார்கள். "சேச்சே, அது பெரிய நாடு, வேலை அதிகம்" என்பேன். அப்புறம், சமூக வலைக் கணக்குகளை எழுதிக் கொடு என்றார்கள். அப்புறம், அவற்றை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வை என்றார்கள். இங்கேயோ தெருமுனையில் பட்டாளம் போனை வாங்கிப் பார்க்கிறது. ஒரு பெண் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கணக்கைப் பூட்டி, என் கடைக்கு வந்ததும் திறந்து, போகும்போது மறுபடி பூட்டிக்கொண்டு போனாள். "ரெண்டு அரசாங்கத்துக்கும் நான் அழகா தெரியணும் சயா, அலுத்துப்போச்சு" என்றாள். நாங்கள் சிரித்தோம்.

என் ஒரே மகளையும் அந்தப் பிளைவுட் ஓட்டைக்கு முன்தான் நிறுத்தினேன்.

"ஒய் வில் யூ கம் பேக்?"

"எங்கப்பாவுக்கு டை கட்டத் தெரியாது சார். வந்து நான்தான் கட்டிவிடணும்."

"ஒழுங்கா பதில் சொல்லும்மா."

"நெஜமாத்தான் சொல்றேன்பா. நான் வந்துடுவேன்."

நிஜ ஜன்னலிலும் அதைத்தான் சொன்னாளாம், டையை விட்டுவிட்டு. கொடுத்துவிட்டார்கள். போனாள். மூன்று வருஷமாகிறது.

ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வந்ததும் அவளோடு பேசுவோம். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. பேசுவதற்கு முன் என் மனைவி தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவாள். டி.வி.யில் ஏதாவது ஒரு கொரிய அழுகைத் தொடரை வைத்துச் சத்தத்தைக் கூட்டுவாள். அப்புறம்தான் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். இது எங்கள் தளத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக அழும் கொரியப் பெண்களால் நிரம்பியது எங்கள் கட்டடம். மகள் முதல் வருஷமெல்லாம் எங்களைக் கேலி செய்தாள்.

"ஏம்மா குசுகுசுங்கறீங்க? நான் சாப்பிட்டேனான்னு கேக்கறதுக்கு எதுக்கு ஜன்னலைச் சாத்தணும்?"

"உனக்கென்னடி, நீ கத்தற ஊர்ல இருக்கே" என்பாள் இவள்.

"ஆமா, கத்தலாம். நேத்துக்கூட லைப்ரரி வாசல்ல எல்லாரும் கத்தினோம். ஜாலியா இருந்துச்சு."

"எதுக்கு?" என்று நான்.

"ஏதோ யுத்தத்துக்கு. சாவறவங்களுக்காக. மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டு நின்னோம். அவ்ளோதான்பா."

எனக்கு நெஞ்சு பூரித்தது. விரல் நீட்டும் பருமனான மனிதரின் பக்கத்தில் என் மகள் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். மேயர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார் என்று நம்பினேன்.

அமெரிக்காவில் ஆட்சி மாறியது. முதலில் எங்களுக்குத் தெரிந்தது ரேடியோ மூலம். அங்கிருந்து காலைதோறும் வந்த பர்மிய ஒலிபரப்பு ஒருநாள் வரவில்லை. டீக்கடையில் கடைக்காரர் முள்ளை இங்கும் அங்கும் திருகிப் பார்த்தார். இரைச்சல் மட்டும் வந்தது. அந்த ஒலிபரப்பை எத்தனையோ வருஷமாக இங்குள்ள ஆட்சியாளர்கள் அடைக்கப் பார்த்திருக்கிறார்கள், முடிந்ததில்லை. "யார்யா நிறுத்தினது?" என்றார் ஒருவர். "அவங்களே" என்றார் கடைக்காரர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அமெரிக்கா விளக்கம் சொல்லும் என்று. நான் டீயை ஊதினேன்.

என் எதிரே உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். துறைமுகத் தொழிலாளர் வம்சம், கோயில் டிரஸ்டி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் என்னைத் திட்டும் உரிமை பெற்றவர். முன்பு ஒருமுறை அவருக்கு அமெரிக்க அரசாங்கத்தை அவர் கோயில் உண்டியலை வைத்து விளக்கியிருந்தேன். உண்டியலுக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று டிரஸ்டிகள். மூவரும் வந்தால்தான் திறக்கும். அங்கே ஜனாதிபதி ஒரு சாவி, சட்டசபை ஒரு சாவி, கோர்ட் ஒரு சாவி.

"ஓய் அமெரிக்கா, அந்த உண்டியல் கதையை இப்ப சொல்லு" என்றார்.

"அதேதான் அண்ணே. மூணு சாவியும் இன்னும் இருக்கு. கோர்ட் நிறுத்தும், பாருங்க."

"எங்க கோயில்ல என்ன ஆச்சு தெரியுமா? போன தடவை திறக்கப் போறப்ப மூணு சாவியும் தலைவர் இடுப்புல இருந்துச்சு."

"திருடிட்டாரா?"

"யாரு திருடினா? ஒருத்தருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியலை, நீங்களே வெச்சுக்குங்கன்னு குடுத்துட்டாரு. இன்னொருத்தரு தலைவர் தயவுல மருமகனுக்கு வேலை வாங்கினவரு, அவரு கேக்காமயே கொண்டுபோய்க் குடுத்தாரு. பூட்டெல்லாம் அப்படியேதான் தொங்குது. சும்மா பளபளன்னு இருக்கு."

"நீங்க எந்த டிரஸ்டி அண்ணே?"

"முழங்கால் வலி" என்று சொல்லிவிட்டுக் காலை நீவிக்கொண்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் மழைக்கு முன்னால் வந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவள் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை எப்போதோ காலாவதி. அங்கே இருக்கும்வரை அதனால் ஒன்றுமில்லை, படிக்கிறவரை இருக்கலாம். வெளியே வந்தால்தான் மறுபடி இங்கே அதே ஜன்னலில் நின்று புதிய முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். வருஷா வருஷம் பிள்ளைகள் செய்வதுதான். "ஒண்ணுமில்லை, போய் நின்னா குத்திக் குடுப்பான்" என்று எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருப்பேன்! என் மனைவி மகளின் அறைக்குப் பச்சை வண்ணம் அடிக்க வைத்தாள். மின்சாரம் போனாலும் சுற்றும் பேட்டரி விசிறி ஒன்று வாங்கினாள். அதை எங்களுக்குப் போடவே விட மாட்டாள். நான் வேர்வையில் மிதந்துகொண்டு, காலி அறையில் விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று அவள் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் பேச்சு கிளம்பியது. உள்ளே விடக்கூடாத நாடுகள் என்று அமெரிக்கா ஒரு கணக்கெடுக்கிறது, அதில் நம் நாடும் இருக்கிறது. வந்தவர்களெல்லாம் என் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்கள். சிலர், வெறும் வதந்தி என்றார்கள். ரங்கூன்காரர்களுக்கு வதந்தி என்றால் என்னவென்று தெரியும். இங்கே நூறு கியாட் நோட்டு செல்லாமல் போகும் என்பதும் வதந்தியாகத்தான் முதலில் வந்தது. நாங்கள் ஆட்சியைச் செய்தித்தாளில் படித்தவர்கள் அல்ல. எண்ணெய்க்கடை வரிசையின் நீளத்தைப் பார்த்து, போலீஸ்காரர் மனைவி எவ்வளவு அரிசி வாங்கிப் போகிறாள் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். என் மூக்குக்கு அந்த வாசனை பழக்கம். அது கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. ஜன்னலைச் சாத்தினோம், கொரியப் பெண்ணை அழவிட்டோம். "அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள். எழுந்து போனாள். திரையில் அவள் அறைச் சுவர் மட்டும் தெரிந்தது. ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

"அப்பா, ரோட்ல செக் பண்றப்ப காட்டற போனை நீங்கல்லாம் எப்படி ரெடி பண்ணுவீங்க?"

"இங்க வர்றதுக்காம்மா? நான் ஏர்போர்ட்டுக்கு வரும்போது ஒண்ணு கொண்டாறேன்."

"அங்க இல்லப்பா. இங்க. இங்க ஏர்போர்ட்லயும் பாக்கறாங்களாம். மெழுகுவர்த்தி போட்டோல்லாம் தூக்கிட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? பாடம் எடுத்தேன். "எல்லாத்தையும் அழிக்கக் கூடாது. அதுதான் தப்பு. காலி போனைப் பாத்தாலே பட்டாளத்துக்காரனுக்குச் சந்தேகம் வரும். யோக்கியன் போன்ல குப்பை நெறைய இருக்கும். சமையல் வீடியோ, குட்மார்னிங் பூ, மாமா பையன் கல்யாணம், பகோடா முன்னாடி நின்ன போட்டோ. மூளை இல்லாதவன் போன் மாதிரி இருக்கணும்."

"அப்ப உங்க போனை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க" என்றாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் ஒருமுறை சிரித்தாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து அனுப்பினேன். நான் டுரியன் பழத்தோடு. நான் இன்சீன் போகும் வட்ட ரயிலில் வாயைப் பிளந்து தூங்குவது. சபைப் பாடகர் குழுவில் நான் மட்டும் தப்பான பக்கத்தைத் திறந்து வைத்திருப்பது. அமெரிக்க அதிகாரி யாராவது அதைத் திறந்து பார்த்தால் இந்தக் குடும்பத்தால் எந்த வல்லரசுக்கும் ஆபத்தில்லை என்று உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா பிள்ளையை அவ்ளோ தூரம் அனுப்பினோம்?" என்றாள். படங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மின்சாரம் போனது. இருட்டில் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

டிக்கெட்டின் நாள் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சு ஒன்றுதான். வரட்டுமா, வேண்டாமா? வந்தால், திரும்பிப் போக அந்த ஜன்னல் திறந்திருக்குமா? திறக்காவிட்டால் பாதிப் படிப்போடு இங்கேயே. இங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்திருந்தது. பெண்களை இப்போதைக்கு எடுப்பதில்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லில்தான் எங்கள் தெருவின் பெண்பிள்ளைகள் எல்லோரும் குடியிருந்தார்கள். மூன்றாவது மாடி வீட்டுப் பெண் வெளிநாட்டு வேலைக்கென்று கிளம்பி, ரங்கூன் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"வரட்டும்" என்றாள் என் மனைவி. "என்ன ஆனாலும் கண்ணு முன்னாடி ஆகட்டும். கஞ்சி குடிச்சாலும் கூட இருந்து குடிப்போம்."

"படிப்பு?"

"படிப்பு படிப்பு! அங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் பேசறா. அதுக்கு இங்கயே சாத்தலாம். இங்க சாத்த நான் இருக்கேன்."

செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். டீக்கடையில் எல்லா நாட்டுக்கும் பதில் வைத்திருக்கும் வாய் இது.

கடைசி ஞாயிறு. மகள் பெட்டி கட்டவே தொடங்கவில்லை என்றாள். அவள் கல்லூரியில் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கும் அம்மாள், 'முடிந்தால் போகாதீர்கள்' என்று வாயால் மட்டும் சொன்னாராம். எழுதித் தர மாட்டேன் என்றாராம். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் எழுதி அனுப்புகிறவர்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. அப்பாவா சொல்லாதீங்க. டை கட்டிக்கிட்டுச் சொல்லுங்க."

டையைத் தேடப் போகிறவன் போல எழுந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். போனை என் மனைவி கையில் பிடித்திருந்தாள். அதில் மகள் முகம் என்னையே பார்த்தது. வரட்டும் என்று சொன்னால் இன்னும் சில நாளில் அந்த முகம் இந்த நாற்காலியில் இருக்கும். பச்சை அறையில் விசிறி சுற்றும். நானே திருத்தி எழுதிய எத்தனையோ பேரின் விண்ணப்பங்கள் கண்முன் வந்தன. அந்த ஜன்னலை இத்தனை வருஷம் பார்த்தவன் நான். அது மூடுவதற்கு முன் இப்படித்தான் பேச்சைக் குறைக்கும்.

"வராதேம்மா" என்றேன்.

கொரியப் பெண் டி.வி.யில் யாரையோ கூப்பிட்டுக் கதறினாள். என் மனைவி போனை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஊருக்கெல்லாம் போறதுக்கு வழி சொன்ன மனுஷன்" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "பெத்த பொண்ணு வர்றதுக்கு ஒரு வழி சொல்லத் தெரியலை."

அப்புறம் என்னோடு பேசவில்லை. சோறு வரும், குழம்பு வரும், உப்பு வராது. நானும் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகு அறிவிப்பு வந்தது. அந்த நாடுகளின் வரிசையில் எங்கள் நாடும் இருந்தது. மாணவர் விசாவும் சேர்த்தி. நான் டீக்கடைக்குப் போனபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமான சத்தம் இல்லை. கல்லாவிலிருந்து யாரும் கூவவில்லை. டீ தானாக வந்து மேஜையில் உட்கார்ந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, குடி. ஆறுது" என்றார்.

அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரியாகச் சொல்லிவிட்டாய் என்று வீட்டில் யாரும் என்னைப் பாராட்டவில்லை. எனக்கும் அந்த எண்ணம் இல்லை. அறிவிப்பைப் படித்துக் காட்டியதும் என் மனைவி பச்சை அறைக்குப் போய் விசிறியை எடுத்து வந்து எனக்கு எதிரே வைத்தாள். காற்று வந்தது. என்னால் அதன் முன்னால் உட்கார முடியவில்லை.

இந்த ஞாயிறு மகள் பேசினாள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றாள். அவள் துணி துவைக்கப் போகும் கடைக்கு வெளியே, அவள் வகுப்பில் படிக்கும் வேறு நாட்டுப் பையன் ஒருவனை, முகத்தை மூடிய அரசாங்க ஆட்கள் நம்பர் இல்லாத காரில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பட்டப்பகல். அவனிடம் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. அவனும் மெழுகுவர்த்தி பிடித்தவன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். போனில் படம் எடுத்தார்கள் என்றாள். அப்புறம் துணியை எடுக்கப் போய்விட்டார்கள்.

"கோர்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா. ஜட்ஜ் அவனை விடச் சொல்லிட்டாரு. அதுக்குள்ள வேற ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. அம்மா இருக்காளா?"

இவள் வந்து போனை வாங்கினாள்.

"அம்மா, கீழ் வீட்டு அங்கிளைக் கூட்டிட்டுப் போனப்ப நீ அப்பாவுக்கு ஒரு பை கட்டி வெச்சிருந்தே இல்ல, அதுல என்னா வெச்சே?"

அப்படி ஒரு பை இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் கீழ் வீட்டுக்காரரைக் கட்டிய துணியோடு கொண்டுபோனார்கள். அவர் மனைவி அப்புறம் வந்து, இது இல்லாமல் கஷ்டப்பட்டார், அது இல்லாமல் கஷ்டப்பட்டார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மறுநாளே என் மனைவி எனக்கு ஒரு பை கட்டிவிட்டாள். என் தொப்பைக்கு ஏற்ற பையா என்று நான் கேலி செய்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

என் மனைவி ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மளிகைக்குச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இழுகயிறு வெச்ச பேன்ட் வேண்டாம், கயிறை உருவிடுவாங்க. எலாஸ்டிக் வெச்சது ரெண்டு. உள்ளாடை கருப்பு. துண்டு பெருசா ஒண்ணு, அதையே விரிச்சுப் படுக்கலாம், போத்திக்கலாம். பிரஷ்ஷு காம்பு நீட்டமா இருந்தா ஒடச்சுக் குட்டையா வை. சோப்பு. உன் வயித்துவலி மாத்திரை, அட்டையோட, வெட்டாம. மாசத் தேதிக்கு வேணுங்கறது கூடுதலா வை, அவங்க தர மாட்டாங்க. எழுதறியா?"

"எழுதறேன்மா. மெதுவா சொல்லு."

"வக்கீல் நம்பரைப் போன்ல வெச்சுப் பிரயோசனமில்லை, போனை முதல்ல பிடுங்குவாங்க. பேனாவால கையில, முழங்கைக்கு மேல எழுதிக்கோ. குளிச்சா அழியும், மறுபடி எழுது. தினம் எழுது."

"சரிம்மா."

"பையை அலமாரில வைக்காதே. கதவுக்குப் பக்கத்துல, வெளிய போறப்ப வலது கை படற இடத்துல வை. அவங்க அவசரப்படுத்துவாங்க. தேடிக்கிட்டு நிக்காதே. ஸ்வெட்டர் வெச்சியா? அங்க குளிருமே?"

"குளிரும்மா."

"அப்ப ரெண்டு வை" என்றாள்.